சக்தியைக் குறைக்கும் ஊசி

என் தங்கை புருஷனைக் கடித்த கொசு மறுநாளே காய்ச்சலில் படுத்துவிட்டது. சுவரோரம் மல்லாந்து கிடந்து நடுங்கிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். தொட்டும் பார்த்தேன், சுட்டது. இன்னொரு முறை தெருநாய் ஒன்று அவர் கெண்டைக்காலைக் கவ்வியது. ஊசி போட அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால், எங்களுக்கு முன்பாகவே அந்த நாய் வந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தது. முகம் வெளிறிப்போயிருந்தது, பாவம்.

இதையெல்லாம் நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம், நான் வருத்தப்பட மாட்டேன். ஆனால் தலை நரைக்கும் வரை அந்த மனிதர் ஒரு மாத்திரைகூட விழுங்கியதில்லை என்பதை நம்பித்தான் ஆகவேண்டும். அது உண்மை. தொல்லை தொடங்கியதும் அங்கேதான்.

ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடை அவர்களுடையது. கதவைத் தள்ளினால் சூடேறிய வயர் வாசனை அடிக்கும். கறுப்புக் கறுப்பாகப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்கும். வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்: தூக்குவது அவர், திருகுவது அவள். தோளுக்கு ஒரு பெட்டியாக வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறுவார், மூச்சு வாங்காது. ஊரில் அவருக்கு இரும்பு என்றே பெயர். என் தங்கை ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்து, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழில் விரலை வைத்திருப்பாள். கூடத்தில் எத்தனை நாற்காலி காலி என்பதைத் திரும்பிப் பார்க்காமல், எதிரொலியைக் கேட்டே சொல்லிவிடுவாள். மேடையில் பேசுகிறவர் பொய் சொல்கிறாரா என்பதையும் சொல்லுவாள். அதற்குக் குமிழ் தேவையில்லை, அண்ணனாக நான் ஒருவன் வாய்த்திருந்ததே போதிய பயிற்சி.

நான் லிஃப்ட் ஆபரேட்டராக இருந்தவன். வேலைக் காலம் முழுக்க ஏறி ஏறி இறங்கி, கடைசியில் சேர்ந்த அதே தரைத்தளத்திலேயே ஓய்வு பெற்றேன். உடம்பைப் பொறுத்தவரை நான் மாப்பிள்ளைக்கு நேர் எதிர். தொலைபேசியில் யாராவது தும்மினால் எனக்கு இங்கே சளி பிடிக்கும். மண்ணில் புதைத்த கேபிள் வழியாக வந்தால் கொஞ்சம் தாமதமாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

அந்தப் பருவத்தில் ஒரு வைரஸ் மூச்சு வழியாகப் பரவிக்கொண்டிருந்தது. ஒரு பொதுக்கூட்டத்தில் மேடைப் பேச்சாளர் பேச்சைவிட அதிகமாக இருமினார். அவர் இறங்கியதும் மாப்பிள்ளை அதே மைக்கை வாயருகே பிடித்து, "ஹலோ, ஹலோ" என்று சோதித்துப் பார்த்தார். முன்வரிசையில் ஓசி நாற்காலியில் நான். இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் பந்தி வைத்தாயிற்று.

எனக்கு உடனே காய்ச்சல் வந்துவிட்டது. எலும்பெல்லாம் தனித்தனியாகக் கழன்று கட்டிலில் கிடப்பதுபோல் வலி. முனகினேன், போர்த்திக்கொண்டேன், செத்துப்போகப் போகிறேன் என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லியனுப்பினேன். மாப்பிள்ளை லேசான இருமலோடு பெட்டி தூக்கிக்கொண்டே திரிந்தார். இடையில் என்னைப் பார்க்க வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"மச்சான், தெருவுல சும்மா போற காய்ச்சலைக் கூப்பிட்டு உக்கார வைக்கிறீங்க. அதான் உங்க வியாதி."

நான் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்று சொன்ன நாளில் அவர் விழுந்தார். ஒரு கூடத்தில் ஏணி மேலே நின்று பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றுவிட்டார். கீழேயிருந்து என் தங்கை என்ன என்று கேட்டதற்கு, வயரைப் பார்க்கிறேன் என்றாராம். அவர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் வயரே இல்லை. மூச்சு வரவில்லை என்று சொல்ல அந்த மனிதருக்குப் பழக்கமில்லை. இறக்கிவிட நாலு பேர் வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க்கைப் பொருத்தி ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். தலைமாட்டில் ஒரு பெட்டி, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தது. அது குறைந்தால் கூவும். என் தங்கை ஸ்டூலில் உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பைக்குள் ஒரு டானிக் பாட்டில். 'எதிர்ப்பு சக்திக்கு' என்று எழுதி, சிங்கம் ஒன்று வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பல்லைப் பார்த்தால் அந்தச் சிங்கத்துக்கே கால்ஷியம் குறைவு. நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் மாஸ்க்கைத் தூக்கி ஒரு கரண்டி ஊற்றுவாள்.

வார்டு டாக்டர் ஒரு சின்னப் பெண். தூக்கம் கெட்ட கண், ஆனால் குரலில் அவசரம் கிடையாது. கரண்டியும் கையுமாக என் தங்கையைப் பிடித்துவிட்டாள். திட்டவில்லை. பாட்டிலை வாங்கி மோந்து பார்த்து, இது நல்லதும் செய்யாது கெட்டதும் செய்யாது, மாஸ்க்கைத் தூக்குவதுதான் கெட்டது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

நான் அந்தப் பெண்ணை வராந்தாவில் மடக்கிக்கொண்டேன். வைரஸ் ஜெயித்துவிட்டதா என்று கேட்டேன்.

"இல்லைங்க ஐயா. வைரஸ் அநேகமா தோத்தாச்சு. இப்ப நடக்கிறது அவர் உடம்பே பண்றது."

எனக்குப் புரியவில்லை. அவள் பொறுமையாகச் சொன்னாள். வைரஸ் நுரையீரலில் ஒரு செல்லுக்குள் நுழைந்ததும் அந்தச் செல் பக்கத்துச் செல்களுக்கு ஒரு தூது அனுப்புமாம், ஆள் வந்துவிட்டான், கதவைச் சாத்துங்கள் என்று. பிறகு வேறு தூதுகள் போய், சண்டை போடும் செல்களை ரத்தத்திலிருந்து அழைத்து வரும். வேலை முடிந்ததும் போதும், கலைந்து போங்கள் என்று சொல்வதற்கும் தனியாகத் தூது உண்டு. இந்தத் தூதுகளுக்கெல்லாம் சேர்த்து சைட்டோகைன் என்று பெயர். பூனை தும்முவது போலிருந்தது அந்தப் பெயர். மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

என் உடம்பில் முதல் தூது நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறது. அந்தக் காய்ச்சலும் வலியும் முனகலும் அதன் ஆரவாரம்தானாம். மாப்பிள்ளை உடம்பில் அந்த முதல் தூதின் வாயை வைரஸ் பொத்திவிட்டது. அதனால்தான் அவர் பெட்டி தூக்கிக்கொண்டு சௌக்கியமாகத் திரிந்தார். அந்த இடைவெளியில் வைரஸ் குடும்பம் குட்டியோடு பெருகிவிட்டது. தாமதமாகத் தெரிந்துகொண்ட உடம்பு, இருக்கிற எல்லோரையும் ஒரேயடியாகக் கூப்பிட்டது. வந்தவர்கள் ஆளுக்கு இன்னும் பத்துப் பேரைக் கூப்பிட்டார்கள். போதும் என்று சொல்லும் தூது அந்தக் கூச்சலில் யார் காதிலும் விழவில்லை. ரத்தக் குழாய்கள் கசிந்து, காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது.

ஏன் இவருக்கு மட்டும் என்று கேட்டேன். சிலருக்கு ஏன் இப்படி ஆகிறது என்று முழுசாக எங்களுக்கும் தெரியாது என்றாள். தெரியாது என்று சொல்லும் டாக்டரை அன்றுதான் முதலில் பார்த்தேன். அது எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

வீக்கத்தைக் குறைக்கும் மருந்து ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது, போதவில்லை. இன்னொரு ஊசி இருக்கிறது, அந்தத் தூதுகளில் ஒன்றைக் கேட்கவிடாமல் காதை அடைக்கும், ஆனால் வேறு கிருமி உள்ளே வரும் ஆபத்தும் உண்டு, வீட்டு மனிதர்கள் யோசித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். மாப்பிள்ளையிடமே கேட்டார்கள். அவர் பாதி மயக்கத்தில், மாஸ்க்குக்குள்ளிருந்து என் தங்கையைக் கை காட்டினார். கடையில் எந்த வாடிக்கையாளர் என்ன கேட்டாலும் அவர் செய்வது அதுதான்.

டாக்டர் பெண் என் தங்கைக்கும் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். ஆனால் நேரம் கருதி முதலில் சுருக்கமாகச் சொன்னாள். அந்தச் சுருக்கம்தான் காரியத்தைக் கெடுத்தது.

"அம்மா, அவரோட எதிர்ப்பு சக்தியைக் கொஞ்சம் குறைக்கணும்."

என் தங்கை எழுந்து நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு டாக்டர் சொன்னதில் ஒரு எழுத்துகூட அவள் காதில் ஏறவில்லை. சக்தி என்று ஒரு சொல், குறைப்பது என்று ஒரு சொல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நம் பேச்சில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவள் என்னை ஜன்னலோரம் இழுத்துப் போனாள்.

"வீட்டுக்குள்ள திருடன் நிக்கிறான். நாயைக் கட்டிப் போடுங்கன்னு சொல்றாங்க. நீயும் தலையாட்டிட்டு வர்றே."

"திருடன் போயிட்டான் பாப்பா. இப்ப நாய்தான் வீட்டைக் கடிச்சிக்கிட்டு இருக்கு."

"அண்ணா, இந்தக் கதையெல்லாம் வேற யார்கிட்டயாவது போய் விடு. நாய் வரிசையில நின்னுச்சுன்னு சொன்ன ஆளு நீ."

நாய் வரிசையில் நின்றது உண்மைதானே என்று வாதாட அது நேரமில்லை. தூது, காது, கூச்சல் என்று டாக்டர் சொன்னதையெல்லாம் திரும்பச் சொன்னேன். என் வாயிலிருந்து வந்ததும் அது வழக்கமான என் சரக்கு மாதிரியே ஆகிவிட்டது. டாக்டர் பெண் மறுபடி வந்து உட்கார்ந்து பேசினாள். என் தங்கை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அவள் அப்படிச் சொன்னால் முடியாது என்று அர்த்தம். வாடகையைக் குறைத்துக் கேட்கிறவர்களுக்கு அவள் சொல்லும் பதில் அது. தாமதிக்கத் தாமதிக்க ஊசியின் பலன் குறையும் என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனாள். அன்று முழுக்க எண் இறங்கிக்கொண்டே இருந்தது. ஆக்ஸிஜனைக் கூட்டினார்கள்.

மறுநாள் காலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெட்டி கொடுப்பதாக என் தங்கை முன்பே வாக்குக் கொடுத்திருந்தாள். வாங்கிப் போக உடற்பயிற்சி வாத்தியார் கடைக்கு வந்து நின்றார். தங்கையோடு நானும் ஆஸ்பத்திரியிலிருந்து போனேன், பெட்டியின் ஒரு முனையைப் பிடிக்க. நான் அதைத் தூக்கினேன் என்று சொல்லமாட்டேன், அதுதான் என்னைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனது. சோதித்துக் காட்டாமல் எதையும் வெளியே அனுப்புவது அவர்கள் வழக்கமில்லை. சோதிப்பது எப்போதும் மாப்பிள்ளை. அன்று என் தங்கையே ஸ்விட்சைப் போட்டாள். நடத்துவது வழக்கமான கையாக இல்லாததாலோ, மனசு ஆஸ்பத்திரியில் இருந்ததாலோ, மைக்கை ஸ்பீக்கருக்கு நேராக வைத்துவிட்டாள்.

மெல்லிசாக ஒரு விசில் கிளம்பி, கண் மூடித் திறப்பதற்குள் கடையே கிழிகிற மாதிரி ஊளையிட்டது. வாத்தியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். வாசலில் போன சைக்கிள் ஒன்று, ஆளை விட்டுவிட்டு ஓடியது. என் தங்கையின் கை தானாகப் போய்க் குமிழை இறக்கியது. சத்தம் நின்றது.

மைக்கில் கோளாறா என்று வாத்தியார் சந்தேகமாகக் கேட்டார்.

"மைக்ல ஒண்ணுமில்ல சார். ஸ்பீக்கர் சத்தத்தை மைக் வாங்கி ஸ்பீக்கருக்கே திருப்பிக் குடுக்குது. அது பெருசாக்கி இதுக்குக் குடுக்கும், இது இன்னும் பெருசாக்கி அதுக்கு. யாரும் பேசவே வேணாம். அதுவே கத்திக்கிட்டுக் கிடக்கும், ஸ்பீக்கர் கிழியுற வரைக்கும்."

ஆயிரம் தடவை அவள் வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன விளக்கம். நான் ஒன்றும் தெரியாதவன்போல் கேட்டேன்.

"யாரும் பேசலியா?"

"அதான் சொல்றேனே. யாரும் பேசல."

"அப்ப நீ குறைச்சது யாரோட சத்தம்?"

அவள் குமிழிலிருந்து விரலை எடுக்காமல் அப்படியே நின்றாள். வாத்தியார் வாடகையை நீட்டினார், அவள் வாங்கவில்லை. நான்தான் வாங்கி மேசையில் வைத்தேன். பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது அவள் கடைக் கதவைப் பாதி இறக்கியிருந்தாள். செருப்பை இடது வலது மாற்றிப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். நேராக ஆஸ்பத்திரிக்கு.

கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் ஒன்று கேட்டாள், குறைத்ததை மறுபடி ஏற்றிக்கொள்ள முடியுமா என்று. கொஞ்ச நாளில் மருந்தின் வேகம் தணிந்து உடம்பு தானே பழைய நிலைக்கு வரும் என்றாள் டாக்டர். அதற்குள் வேறு கிருமி வந்தால் என்ன செய்வது என்றும் கேட்டாள். அதற்கு மருந்து இருக்கிறது, பார்த்துக்கொண்டே இருப்போம், ஆனால் உறுதி கொடுக்க முடியாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னாள். என் தங்கை அந்தக் குரலைக் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு பேனாவை வாங்கினாள்.

ஊசி வேலை செய்தது. மறுநாள் காய்ச்சல் இறங்கியது, எண் ஏறியது. அதற்கடுத்த நாள் கொஞ்ச நேரம் மாஸ்க்கைக் கழற்றிப் பேச விட்டார்கள். மாப்பிள்ளை கண்ணாலேயே என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். முன்பெல்லாம் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்ட குரல், காற்று மாதிரி வந்தது.

"என் சக்தியைக் குறைச்சிட்டீங்களாமே மச்சான். மிச்சம் எவ்வளவு இருக்கு?"

"சரியா என் அளவுக்கு இருக்கு மாப்பிள்ளை."

"அப்ப ரொம்ப மோசம்தான்."

சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. என் தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது சிரிப்பிலா என்று நான் விசாரிக்கவில்லை. சிங்கம் போட்ட பாட்டிலை அன்று அவளே குப்பைத் தொட்டியில் போட்டாள்.

பிறகு வேறொரு கிருமி வந்தது. வைரஸ் இல்லை, வேறு வகை. டாக்டர் சொல்லியிருந்த அதே ஆபத்து, சொன்னபடியே வந்து நின்றது. மருந்துக்கு மேல் மருந்தாகக் கொடுத்தார்கள். அந்தக் கிருமியைச் சமாளிக்கக்கூட நல்ல நுரையீரல் கொஞ்சமாவது மிச்சம் இருக்க வேண்டும். முதல் கூச்சலிலேயே அது பெரும்பாலும் கிழிந்துபோயிருந்தது. ஒரு பகல் வேளையில், வார்டைத் துடைக்கிறவர் கட்டிலுக்கடியில் துடைத்துக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளை போய்விட்டார். துடைக்கிறவர் வேலையை நிறுத்திவிட்டு ஈரத் தரையிலேயே நின்றார். இரும்பு என்று பேர் வாங்கிய மனிதரைத் தூக்க இரண்டே பேர் போதுமாயிருந்தது.

காரியமெல்லாம் முடிந்து நான் டாக்டர் பெண்ணைப் பார்க்கப் போனேன். சண்டைக்கு இல்லை. எனக்கு இரண்டு கேள்விகள் இருந்தன. ஒரு நாள் முன்னால் ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? போடாமலே இருந்திருந்தால்?

போடாமல் இருந்திருந்தால் அந்த வாரமே போயிருப்பார், அது ஏறக்குறைய நிச்சயம் என்றாள். முதல் கேள்விக்கு அவளுக்குப் பதில் சிரமமாக இருந்தது.

"முன்னாடியே போட்டிருந்தா நுரையீரல் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம் ஐயா. மிஞ்சாமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியல."

அந்தப் பதிலை மடித்து மனசுக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

என் தங்கை கடையை மறுபடி திறந்திருந்தாள். பெட்டி தூக்க ஒருவரைக் கூலிக்கு வைத்திருந்தாள். அவர் ஒரு பெட்டிக்கு இரண்டு முறை உட்காருவார். நான் போனபோது கடையில் அவள் மட்டும். தரையெல்லாம் வயர் பரந்து கிடந்தது. உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். மறுமுனையை எடுத்துச் சிக்கு விழாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதி வயர் சுற்றியதும் கேட்டாள்.

"அண்ணா, கேட்ட அன்னிக்கே நான் கையெழுத்துப் போட்டிருந்தா இருந்திருப்பாரா?"

"இல்ல."

"டாக்டர் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

அவள் சுற்றுவதை நிறுத்திவிட்டு, மேடையில் பேசுகிறவரைக் கேட்கும்போது வைத்துக்கொள்வதுபோல் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள். நான் வயரைப் பார்த்தேன்.

"நீ பொய் சொன்னா நீளமா சொல்லுவே," என்றாள். "இது சின்னதா இருக்கு."

ஆமாம் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் ஒரு சொல் கூடிவிடும். அவள் கை மறுபடி சுற்றத் தொடங்கியது. நான் வாயை இறுக மூடிக்கொண்டு வயரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தேன்.